குஞ்சுச் சிப்பி கண்ணில் படுகிறதா? நன்னீர்ச் சிப்பிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

ஆற்றுச் சிப்பி, குளத்துச் சிப்பி, மட்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் வழங்கும் நன்னீர்ச் சிப்பிகள் குறைந்துவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து கேள்விகள் கூடுதலாக வந்திருப்பதில் வியப்பில்லை. உலகிலேயே இந்தச் சிப்பிகளில் அதிக வகைகள் வாழ்வது வட அமெரிக்க ஆறுகளில்தான். ஏறத்தாழ 300 இனங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இன்று ஆபத்தில் இருக்கின்றன.

கேள்வி: மஸ்கட்டீன் ஊருக்குப் பக்கத்தில் மிஸ்ஸிஸிப்பி ஆற்றங்கரையில் பிள்ளைகள் கனமான சிப்பி ஓடுகளைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் காசு அளவில் வட்ட வட்டமாகத் துளை. எந்தப் பூச்சி இப்படி அரிக்கும்? வீட்டுக்கு எடுத்து வரலாமா?
– வாசகி, அயோவா

பூச்சி அரித்ததில்லை அம்மா, குழாய் ரம்பம் அறுத்தது. சட்டைப் பொத்தானுக்கு வில்லை வெட்டிய பிறகு தூக்கிப் போட்ட மிச்சம் அது. ஜெர்மனியில் பொத்தான் தொழில் செய்துவந்த ஜான் பெப்பிள் 1891-இல் மஸ்கட்டீனில் பட்டறை போட்டார். 1905-இல் அந்த ஓர் ஊரிலிருந்து மட்டும் 150 கோடி பொத்தான்கள் போயின. அந்த ஆண்டு உலகம் முழுக்கச் செய்த பொத்தானில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது.

சிப்பியைப் பிடித்த விதம் கொடுமையானது. சிப்பி படுகையில் முக்கால் உடம்பைப் புதைத்துக்கொண்டு, இரண்டு ஓடுகளையும் லேசாக விரித்து, நீரை இழுத்து வடிகட்டிக்கொண்டிருக்கும். எது பட்டாலும் படக்கென்று மூடிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றுதான். ஒரு நீளமான கம்பியில் வரிசையாகக் கயிறுகளைக் கட்டி, கயிறுதோறும் நான்கு முனைக் கொக்கிகளைத் தொங்கவிட்டு, படகை நீரோட்டத்தின் போக்கில் விட்டார்கள். கொக்கி விரிந்த ஓட்டுக்குள் பட்டதும் சிப்பி இறுகக் கவ்வும். கவ்வியது கவ்வியபடியே படகேறும். கரையில் ஆவியில் வேகவைத்துச் சதையை வழித்தெறிந்து, ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ரம்பத்தில் பிடித்தார்கள். கொக்கியில் சிக்கிய குஞ்சுகள் பொத்தானுக்கு ஆகாது என்று கரையிலேயே செத்தன. சில ஆண்டுகளில் ஒரு படுகை காலியாகும், படகுகள் அடுத்த படுகைக்கு நகரும்.

எடுத்து வருவது பற்றி: வேண்டாம் என்பதே எங்கள் பதில். வெற்று ஓட்டைக் கூட எடுக்கக் கூடாது என்று சட்டம் உள்ள மாநிலங்கள் உண்டு. அழியும் நிலைப் பட்டியலில் உள்ள இனத்தின் ஓடு கையில் இருந்தாலே குற்றம், பிள்ளைகளுக்கு இனம் பிரிக்கத் தெரியாது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். ஓட்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பொத்தான் வந்து அந்தத் தொழில் படுத்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. பிடிப்பவர் இல்லை என்றால் சிப்பி தானாகப் பெருகியிருக்க வேண்டுமே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பிடிப்பது முழுதாக நின்றுவிடவில்லை. 1950-களுக்குப் பிறகு இதே சிப்பிகளின் ஓடு ஜப்பானுக்குப் போனது. அங்கே கடல் சிப்பிக்குள் வைக்கும் முத்துக் கருமணியை இந்த ஓட்டிலிருந்துதான் உருட்டினார்கள். ஆனால் நீங்கள் கேட்டதன் விடை வேறிடத்தில் இருக்கிறது. சிப்பி பெருக மீன் வேண்டும்.

பெண் சிப்பி தன் செவுள்களுக்குள்ளேயே முட்டைகளைப் பொரிக்க வைக்கிறது. வெளிவரும் இளம்புழுவுக்கு குளோக்கிடியா என்று பெயர். மணல் துகள் அளவு. பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள். இரண்டு குட்டி ஓடுகள், இடையில் ஒரு தசை, அவ்வளவுதான். நீந்தாது. சில நாட்களுக்குள் ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்வியாக வேண்டும். கவ்வினால் மீனின் தோல் அதன் மேல் வளர்ந்து ஒரு கூடு போல மூடும். அதற்குள் சில வாரம், சில இனங்களில் பல மாதம் இருந்து, முழுச் சிப்பி வடிவம் பெற்று உதிரும். மீனுக்குப் பெரும்பாலும் பாதகமில்லை. எந்த மீனாக இருந்தாலும் போதுமா என்றால் போதாது. பொருந்தாத மீனின் உடல் எதிர்ப்புச் சக்தி அதைச் சில நாட்களில் உதிர்த்துவிடும். சில சிப்பிக்குப் பத்துப் பதினைந்து வகை மீன் பொருந்தும், சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று.

பொத்தான்காரர்கள் மிகவும் விரும்பிய எபனிஷெல் என்ற கனத்த சிப்பியைப் பாருங்கள். அதன் மீன் ஸ்கிப்ஜேக் ஹெர்ரிங். மத்தி குடும்பத்தோடு உறவுள்ள, ஆற்றில் நெடுந்தூரம் ஏறும் மீன். 1913-இல் அயோவாவின் கியோகக்கில் மிஸ்ஸிஸிப்பியின் குறுக்கே மின்சாரத்துக்கான அணை எழுந்தது. ஹெர்ரிங் அதைத் தாண்டி மேலே வர முடியவில்லை. அணைக்கு மேலிருந்த எபனிஷெல்கள் அன்றே சாகவில்லை. பல பத்தாண்டு வாழும் உயிர் அது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குளோக்கிடியாவை விட்டன, எல்லாம் வீணாயின. இளந்தாரிகள் எல்லாம் வெளியூர் போய், கிழவன் கிழவி மட்டும் மிஞ்சிய ஊர் போல ஆயிற்று அந்தப் படுகை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ‘சிப்பி இருக்கிறதே’ என்று தோன்றியது. ஒவ்வொன்றாக வயதாகிச் செத்து, இன்று மேல் மிஸ்ஸிஸிப்பியில் எபனிஷெல் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது.

கிழக்குக் கரைப் பக்கம் சஸ்குவெஹானா ஆற்றிலும் இதே கதைதான். அங்கே கோனோவிங்கோ அணை 1928-இல் வந்தது. கடலிலிருந்து ஏறும் விலாங்கு மீன் நின்றது. விலாங்கின் செவுளை நம்பியிருந்த ஈஸ்டர்ன் எலிப்டியோ என்ற சிப்பிக்குக் குஞ்சு நின்றது. இப்போது அணைக்குக் கீழே விலாங்குக் குட்டிகளைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, மேலே உள்ள ஓடைகளில் விடுகிறார்கள். சிப்பிக்காக விலாங்கைச் சுமப்பது சுற்றுவழி மாதிரி தெரியலாம். உண்மையில் அதுதான் நேர்வழி.

அணை வேறு விதத்திலும் கெடுக்கும். ஓடும் நீர் தேங்கினால் வண்டல் படியும். உதிர்ந்த குஞ்சு முதல் சில மாதம் வடிகட்டித் தின்பதில்லை. சரளைக்கல் இடுக்கில் இருந்துகொண்டு தன் காலால் துகள்களை வாரி வாய்க்குக் கொண்டுபோகும். அந்த இடுக்கை வண்டல் அடைத்தால் அதற்கு மூச்சும் இல்லை, சோறும் இல்லை. அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் டென்னஸி ஆறு பாறை மேல் பரந்து ஓடிய காலத்தில் ஏறத்தாழ 70 இனச் சிப்பிகள் ஓரிடத்தில் வாழ்ந்தன. 1924-இல் வில்சன் அணை முடிந்து அந்தப் பரப்பு ஏரிக்கு அடியில் போனது. மூழ்கியதில் பல இனங்கள் அங்கே பிறகு காணப்படவே இல்லை.

கேள்வி: கண் இல்லாத சிப்பி மீனை எப்படிக் கண்டுபிடிக்கும்?
– எட்டாம் வகுப்பு மாணவன், மதுரை

அது தேடிப் போவதில்லை தம்பி, மீனைத் தன்னிடம் வரவைக்கிறது. லாம்ப்சிலிஸ் வகைச் சிப்பிகள் ஓட்டின் விளிம்பில் சதையை வெளியே நீட்டி ஆட்டும். அந்தச் சதையில் கண் போல ஒரு கரும்புள்ளி, வால் போல ஒரு நுனி, பக்கவாட்டில் ஒரு கோடு. குட்டி மீன் நீந்துவது போலவே இருக்கும். பாஸ் என்ற வேட்டை மீன் பாய்ந்து கவ்வும்போது அந்தச் சதைக்குப் பின்னால் இருக்கும் செவுள் கிழிந்து, குளோக்கிடியா மீனின் வாய்க்குள் கொட்டும். வாய்க்குள் போன நீர் செவுள் வழியாகத்தானே வெளியேற வேண்டும்? வேலை முடிந்தது.

ஸ்னஃப்பாக்ஸ் என்ற சின்னச் சிப்பி இன்னும் துணிச்சல்காரி. லாக்பெர்ச் என்ற மீன் மூக்கால் கல்லைப் புரட்டிப் பூச்சி தேடும். மூக்கு இந்தச் சிப்பியைத் தொட்டதும் சிப்பி மீனின் தலையையே கவ்விப் பிடித்துக்கொண்டு, குளோக்கிடியாவை அதன் முகத்தில் பீய்ச்சிவிட்டுத்தான் விடும். லாக்பெர்ச்சின் மண்டை ஓடு கெட்டி, அதனால் பிழைத்துக்கொள்ளும்; வேறு சிறு மீனாக இருந்தால் சில நேரம் அங்கேயே சாகும்.

கேள்வி: மீன் குஞ்சுப் பொரிப்பகம் போலச் சிப்பிக்கும் உண்டா? செய்முறையை விவரமாகச் சொல்ல முடியுமா? எந்த இடத்தில் தவறும்?
– மீன்வளப் படிப்பு மாணவர், தூத்துக்குடி

உண்டு. விஸ்கான்சினில் மிஸ்ஸிஸிப்பிக் கரையில் உள்ள ஜெனோவா அரசு மீன் பொரிப்பகம், 1976-இல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்த ‘ஹிக்கின்ஸ் ஐ’ என்ற சிப்பியை 2000 முதல் வளர்த்து ஆற்றில் விடுகிறது. வர்ஜீனியாவிலும் வேறு மாநிலங்களிலும் இப்படிப் பொரிப்பகங்கள் உண்டு.

முதல் வேலை, சினைச் சிப்பியைக் கண்டுபிடிப்பது. நீண்ட காலம் சுமக்கும் இனங்கள் கோடை இறுதியில் கருவுற்றுக் குளிர்காலம் முழுக்கச் செவுளில் வைத்திருக்கும். குறுகிய காலம் சுமப்பவை வசந்தத்தில் கருவுற்று அதே கோடையில் விட்டுவிடும். இந்தக் கணக்கு தவறினால் ஓர் ஆண்டே போச்சு. ஓட்டைச் சில மில்லிமீட்டர் மட்டும் விரித்துப் பார்க்க வேண்டும். செவுள் தலையணை போல உப்பியிருந்தால் சினை. அதற்கு மேல் விரித்தால் மூடும் தசை கிழியும். அந்தச் சிப்பி பிழைக்காது.

அடுத்து, ஊசிக்குழலில் ஆற்று நீரை எடுத்துச் செவுளில் மெதுவாகச் செலுத்திக் குளோக்கிடியாவைக் கழுவி எடுப்பார்கள். தாயைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும். எடுத்ததில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சில உப்புக் கல் போடுவார்கள். உயிருள்ளவை உப்புப் பட்டதும் டப் டப்பென்று மூடும். நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மூடினால்தான் மேற்கொண்டு போவதில் பொருள் உண்டு. முன்பே மூடிக் கிடந்தவை செத்தவை, அல்லது இன்னும் முதிராதவை.

பிறகு மீன். காற்றூட்டிய தொட்டியில் லிட்டருக்குச் சில ஆயிரம் குளோக்கிடியா என்ற கணக்கில் கலக்கி, மீனைக் கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வைப்பார்கள். காற்றுக் குமிழி அடியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் குளோக்கிடியா எல்லாம் அடியில் படிந்துவிடும். நடுவில் ஒரு மீனை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், செவுள் இழைகளில் வெள்ளை வெள்ளையாக ரவை ஒட்டியது போல் தெரியும். அளவுக்கு மிஞ்சினால் மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். மீன் போனால் அதன் மேல் உள்ள அத்தனையும் போயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் புதியவர்கள் மிகவும் தவறுகிறார்கள். மூன்று காரணங்கள். ஒன்று, முன்பே குளோக்கிடியா ஏறிய மீனை மறுபடி பயன்படுத்துவது. அம்மை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாவது போல, அந்த மீன் அடுத்த முறை உதிர்த்துத் தள்ளும். இரண்டு, மீனுக்குப் பூஞ்சையோ ஒட்டுண்ணியோ வரக்கூடாது என்று வழக்கப்படி உப்புக் குளியல், ஃபார்மலின், தாமிர மருந்து கொடுப்பது. சிப்பியும் அந்த மீனுக்கு ஒட்டுண்ணிதானே, மருந்து அதையும் கொன்றுவிடும். மூன்று, குளோரின் கலந்த குழாய் நீர்.

நீர் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் பெரும்பாலான இனங்கள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிரத் தொடங்கும். தொட்டியின் அடியை நாள்தோறும் உறிஞ்சி, நுண்சல்லடையில் வடித்து, உதிர்ந்தவற்றை எண்ண வேண்டும். காலை நீட்டி நகர்ந்தால் உயிருள்ள குஞ்சு. ஜெனோவாவில் இன்னொரு வழியும் உண்டு: குளோக்கிடியா ஏற்றிய மீன்களை அடி மூடிய கூண்டுகளில் போட்டு ஆற்றிலேயே இறக்கிவிடுவார்கள். குஞ்சு கூண்டின் அடியில் உதிரும். பிறகு மீனை வெளியே விட்டுவிட்டு, இலையுதிர் காலத்தில் கூண்டைத் தூக்கிச் சிப்பிகளை எண்ணுவார்கள். மீனே இல்லாமல் முயல் இரத்தச் சீரம் கலந்த ஊட்டக் கரைசலில் குளோக்கிடியாவைச் சிப்பியாக மாற்றும் முறையும் சில இனங்களுக்குக் கைகொடுக்கிறது.

குஞ்சு கிடைத்த பிறகு முதல் இரண்டு மாதம் கண்டம். நுண்பாசி உணவு, மெல்லிய வண்டல் படலம், மெதுவான நீரோட்டம் வேண்டும். தட்டைப் புழு தொட்டியில் நுழைந்தால் ஒரே வாரத்தில் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். அதனால்தான் குஞ்சுகளை அடிக்கடி சல்லடையில் வடித்துச் சோதிக்கிறார்கள். அம்மோனியா இன்னொரு எமன். மீன் தாங்கும் அளவைச் சிப்பிக் குஞ்சு தாங்காது. இதைக் கண்டுகொண்ட பிறகே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் தன் அம்மோனியா வரம்பை இறுக்கியது: பி.எச். 7, 20 டிகிரி வெப்பத்தில் நீடித்த பாதிப்புக்கான வரம்பு லிட்டருக்கு 4.5 மி.கிராமிலிருந்து 1.9 மி.கிராமாக இறங்கியது.

ஒரே ஒரு தாயின் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் ஆற்றில் விடக் கூடாது. பல தாய்களிடமிருந்து எடுக்க வேண்டும், ஓர் ஆற்றுச் சிப்பியை இன்னோர் ஆற்றில் கலக்கக் கூடாது. இரண்டு செ.மீ. வளர்ந்த பிறகு ஓட்டில் எண் போட்ட குட்டிப் பட்டையை ஒட்டி விட்டால், அடுத்த ஆண்டு வந்து எத்தனை பிழைத்தன என்று பார்க்கலாம்.

கேள்வி: வரிக்குதிரைச் சிப்பியும் நீரை வடிகட்டிச் சுத்தம் செய்கிறதே. பழைய சிப்பி போனால் புதியது வரட்டும் என்று விடக் கூடாதா?
– பொறியாளர், சென்னை

கூடாது. வரிக்குதிரைச் சிப்பி கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து உயிர். கப்பல் சாயாமல் இருக்க அடியில் ஏற்றும் நிலைநீரில் வந்து, 1988-இல் அமெரிக்க–கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இளம்புழுவுக்கு மீன் தேவையில்லை, தானே மிதந்து பரவும். கெட்டியான எதன் மேலும் நூலால் ஒட்டும். மணலில் கெட்டியாக நீட்டிக்கொண்டிருப்பது நாட்டுச் சிப்பியின் முதுகுதான். ஒரே சிப்பி மேல் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டால் அதனால் ஓட்டைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. வாயருகே வரும் உணவையும் இவை முந்திக்கொள்ளும். செயின்ட் கிளேர் ஏரியின் திறந்த பரப்பில் சில ஆண்டுகளுக்குள் நாட்டுச் சிப்பிகள் ஏறத்தாழத் துடைத்தெடுக்கப்பட்டன. ஆழமில்லாத சதுப்பு ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தப்பின.

அப்படிப்பட்ட இடங்களிலிருந்து நாட்டுச் சிப்பியை மீட்கும்போது ஒட்டியவற்றைத் தூரிகையால் தேய்த்தெடுத்து, 30 நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே வேறிடத்தில் விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு குட்டி வரிக்குதிரைச் சிப்பி தங்கியிருந்தாலும் புது இடமும் கெடும். எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லும் தென்னமெரிக்கச் சிப்பி உவர்நீரில் என்ன செய்கிறது என்று அவர்களைக் கேளுங்கள். வரிக்குதிரைச் சிப்பியைப் பற்றித் தனியாக விளக்கவே வேண்டியிருக்காது.

கேள்வி: க்ளின்ச் ஆற்றில் சிப்பி கொத்துக் கொத்தாகச் சாவதாகச் செய்தி படித்தேன். அணையும் இல்லை, ஆலையும் இல்லாத இடம் என்கிறார்கள். பிறகு ஏன்?
– வாசகர், வர்ஜீனியா

தென்மேற்கு வர்ஜீனியாவிலிருந்து டென்னஸிக்குள் ஓடும் க்ளின்ச், அமெரிக்காவில் சிப்பி வகைகள் மிகுந்து எஞ்சியிருக்கும் ஆறுகளில் ஒன்று. ஆலையாலும் ரசாயனத்தாலும் அதற்குக் கேடு வராமல் இல்லை: 1967-இல் ஒரு மின்நிலையத்தின் சாம்பல் குட்டை உடைந்து காரநீர் பாய்ந்தது. 1998 ஆகஸ்டில் சீடர் பிளஃப் அருகே ரசாயன லாரி கவிழ்ந்து ஏறத்தாழ 7,000 சிப்பிகள் செத்தன. ஆனால் 2016-இல் தொடங்கி ஆண்டுதோறும் கோடை இறுதியில் நடப்பது வேறு. ஃபெசன்ட்ஷெல் என்ற ஓர் இனமே பெரும்பாலும் சாகிறது, பக்கத்திலேயே மற்றவை நன்றாக இருக்கின்றன. நஞ்சு என்றால் பெரும்பாலும் இப்படித் தேர்ந்தெடுத்துக் கொல்லாது. நோயுற்ற சிப்பிகளில் ஒரு டென்சோவைரஸ் மிகுதியாக இருப்பதை 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

நீங்கள் ஆற்றோரம் போனால் கவனிக்க வேண்டியது: மணலுக்கு வெளியே படுத்துக்கிடக்கும் சிப்பி, விரிந்த ஓடு, விரலால் தட்டியும் மெதுவாக மூடுவது. நலமான சிப்பி நிழல் பட்டாலே மூடிக்கொள்ளும். இப்படிப் பல கிடந்தால் கை வைக்காமல் படத்தோடு மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். ஒரு படுகையில் நடந்த அதே கால்சட்டை, பூட்ஸோடு அடுத்த படுகையில் இறங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் முன்பு கால் வைத்தால் சிப்பி குத்தும். இப்போது இல்லை. அடுத்த மாதம் தூர்வாருகிறார்கள். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

உங்கள் குளத்தில் இருப்பது பெரும்பாலும் லாமெல்லிடென்ஸ் வகை. மேலே சொன்ன அமெரிக்கச் சிப்பிகளின் குடும்பமே. இதன் குளோக்கிடியாவும் மீனில்தான் வளரும். அதனால் உங்களிடம் முதலில் கேட்க வேண்டியது குளத்து மீனைப் பற்றி. வளர்ப்பு மீன் விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்குப் போட்டீர்களா? ஒரு மீட்டர் ஆழத்துக்கு எக்டேருக்கு 2,500 கிலோ என்ற கணக்கில் போட்டால் கெண்டைப்பொடி, கெளுத்தி என்று நாட்டு மீன் அத்தனையும் மிதந்துவிடும். சிப்பி உயிரோடு இருந்தாலும் அதன் வம்சம் அன்றோடு நின்றது என்று வையுங்கள். வயலிலிருந்து யூரியா கரைந்து வரும் வாய்க்கால் நேராகக் குளத்தில் விழுவதும் குஞ்சுகளைக் கொல்லும்.

தூர்வாரும்போது முழுக் குளத்தையும் ஒரே ஆண்டில் வழிக்காதீர்கள். கால் பங்கையாவது, குறிப்பாக நீர் வரும் மடைப் பக்கத்தை, அடுத்த ஆண்டுக்கு விட்டுவையுங்கள். இயந்திரம் இறங்குமுன் நீர் முழங்கால் அளவுக்கு வடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கையால் தடவி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வாளித் தண்ணீரில் குவித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டும். ஈரச் சாக்கில் சில மணி நேரம் தாங்கும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

திரும்ப வைக்கும்போது வீசி எறியாதீர்கள். சிப்பியைக் கையில் எடுத்தால் கீலுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் தெரியும். குமிழிலிருந்து குட்டையாக இருக்கும் பக்கம் முன்பக்கம். கால் வருவது அங்கேதான். அது மண்ணுக்குள், நீளமான பக்கம் மேலே. பாதி புதையும்படி செருகுங்கள், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பிறகு குளத்தில் கொஞ்சம் நாட்டு மீன்களை, பக்கத்துக் குளத்திலிருந்தே கொண்டுவந்து விடுங்கள்.

கேள்வி: முத்து வளர்ப்புக்கு 3,000 சிப்பி வேண்டும். ஏரியிலிருந்து வலைபோட்டு எடுத்துத் தர ஆள் இருக்கிறது. வாங்கலாமா?
– முத்து வளர்ப்பாளர், நாமக்கல்

ஒரே ஏரியிலிருந்து ஒரே மூச்சில் 3,000 எடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். கரு வைக்க உங்களுக்கு 8 செ.மீ.-க்கு மேற்பட்டதுதான் பயன்படும். அடி வலை அதைக் கொண்டுவரும்போது குஞ்சையும் வாரும், உங்கள் ஆள் அதைக் கரையில் கொட்டிவிட்டு வருவார். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கையால் மட்டும், அளவுகோல் வைத்து, பல குளங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். செவுள் உப்பிய சினைச் சிப்பிகளை அங்கேயே விட்டுவிட வேண்டும். சினையோடு கரு வைத்தால் அதுவும் சாகும், வயிற்றில் இருப்பதும் சாகும்; உங்களுக்கும் நட்டம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்ப்பில் பயிற்சி தருகிறது. கரு வைப்பதைக் கற்றுக்கொள்ளும்போதே இனப்பெருக்கத்தையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தக் குளத்தில் நாட்டு மீனோடு தாய்ச் சிப்பி ஒரு மூலையில் இருந்தால் ஏரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: கண்ணாடித் தொட்டியைச் சுத்தமாக வைக்கச் சிப்பி வாங்கி விடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். தெளிந்த தொட்டி நீரில் அதற்கு உணவு இல்லை. மாதக்கணக்கில் சதை கரைந்து பட்டினியில் சாகும், புதைந்து கிடப்பதால் உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் நாற்றம் வரும், அம்மோனியா ஏறி மீனும் செத்திருக்கும். வாங்கிவிட்டீர்கள் என்றால் ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள்; எந்த நாட்டு இனமோ, என்ன நோயோ.

கேள்வி: அழிந்துவிட்டது என்று சிப்பிகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்களாமே?
– ஆசிரியர், நாகர்கோவில்

ஆம். 2023 அக்டோபரில் அமெரிக்க மீன்–வனவிலங்குத் துறை 21 உயிரினங்களை ‘அழிந்தவை’ என்று பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதில் 8 நன்னீர்ச் சிப்பிகள். ஃபிளாட் பிக்டோ, ஸ்டிரப்ஷெல், சதர்ன் ஏகார்ன்ஷெல், அப்லாண்ட் கோம்ப்ஷெல், இவற்றோடு பிளாசம் என்று முடியும் நான்கு. கடைசி ஆறும் மேலே சொன்ன ஸ்னஃப்பாக்ஸின் நெருங்கிய உறவுகள். மீனைப் பிடித்துக் குஞ்சேற்றும் அந்தக் கலை தெரிந்த குடும்பம். பட்டியலில் சேர்க்கும்போதே பலவற்றுக்குக் காலம் கடந்திருந்தது. வேகமாக ஓடும் மேடான சரளைப் பரப்பை நம்பியவை இவை, அந்தப் பரப்புகள்தான் அணைகளுக்கு அடியில் முதலில் போயின.

கேள்வி: ஒரு படுகை உயிரோடு இருக்கிறதா, வெறும் கிழங்கள்தான் மிஞ்சியிருக்கின்றனவா என்று எப்படிக் கணிப்பது?
– ஆய்வு மாணவர், பென்சில்வேனியா

மேலே நின்று எண்ணினால் ஏமாறுவீர்கள். கண்ணுக்குத் தெரிவது பெரியது மட்டும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டத்தைப் படுகையில் வையுங்கள். முதலில் மேலே தெரிவதை எண்ணுங்கள். பிறகு சட்டத்துக்குள் 15 செ.மீ. ஆழம் வரை சரளையைத் தோண்டி, ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். சட்டம் வைக்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், முன்கூட்டியே வரைபடத்தில் குறித்த புள்ளியில் வையுங்கள். இல்லாவிட்டால் கை தானாகச் சிப்பி இருக்கும் இடத்துக்கே போகும். ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். ஓட்டின் வளையங்களை வைத்து வயது சொல்லும்போது எச்சரிக்கை தேவை: வெள்ளத்தில் அடிபட்டாலும், யாராவது எடுத்து அளந்து வைத்தாலும் கூட ஒரு பொய் வளையம் விழும். குஞ்சுகளில் வளையம் தெளிவாகத் தெரியும், கிழச் சிப்பியில் விளிம்பு நெருங்கிக் கலந்துவிடும்.

அளந்த நீளங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எல்லாம் 9, 10 செ.மீ. என்றால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் மீனைத் தேடக் கிளம்புங்கள். ஆற்றில் கீழே எங்கே தடுப்பு இருக்கிறது என்று பாருங்கள். சல்லடையில் கட்டைவிரல் நகம் அளவுச் சிப்பி நாலைந்து கிடைத்தால் அந்தப் படுகைக்கு மீன் வந்துபோகிறது. சலித்த சரளையைக் குழியிலேயே கொட்டி, பெரிய சிப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி, குஞ்சுகளைக் கடைசியில் கையால் மணலுக்குள் அழுத்திவிட்டு வாருங்கள்.